நாற்பத்தெட்டு அடி மூங்கில்

முனைக்காட்டில் வலை காயும் கொட்டகைக்குள்
ஏஜெண்டு தர்மராசு காகிதத்தை நீட்டினான்.
மிதப்பு ஒன்றுக்கு மூங்கில் நாற்பத்தெட்டு அடி,
பாசி கட்டும் பரப்பு நூற்றைம்பது சதுர அடி,
பழசைவிடக் கூடுதல், கம்பெனியின் புது வடிவம்.
சதுர அடிக்கு இவ்வளவு என்று கடன்.
நாற்பத்தைந்து மிதப்பு. கீழே கையெழுத்து.

ராக்காயி கட்டைவிரலை மையில் நனைத்துவிட்டாள்.
நான் குழுவின் கணக்கெழுதி.
"பொறுங்க, ராத்திரி பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

ராத்திரி கரண்டு இல்லை.
கட்டத்தாளும் இல்லை.
வளைகோட்டின் முதுகைக் கண்ணால் தடவி
உச்சி இங்கேதான் என்று குத்துமதிப்பாய்ச் சொல்ல
மனசும் இல்லை.
பாசி ரசீதின் பின்பக்கம் போதும்.

ஒரு பக்கம் எக்ஸ். அடுத்த பக்கம்
இருபத்து நாலில் எக்ஸ் போக மீதி.
பெருக்கினால் ஒய்.
எக்ஸைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று
ஒவ்வொன்றாய் முங்கி எடுத்தால்
விடியும்வரை முங்கலாம், இடையில் பின்னங்கள் வேறு.
அதனால் கேள்வியைத் திருப்பிப் போட்டேன்.
ஒய்யே, நீ வந்து நில்.
உன்னைப் பெற்ற எக்ஸ் எது, சொல்.

எக்ஸின் வர்க்கம், கழித்தல் இருபத்து நாலு எக்ஸ்,
கூட்டல் ஒய், சமம் பூச்சியம்.

நூற்று முப்பத்தைந்து முதலில் வந்தது.
ஐந்நூற்று எழுபத்தாறில் நாலு மடங்கு ஒய் போக
முப்பத்தாறு; அதன் மூலம் ஆறு.
ஒன்பதுக்குப் பதினைந்து, பதினைந்துக்கு ஒன்பது
என்று இரண்டு பேரைக் கைகாட்டியது.
இரண்டும் ஒரே மிதப்புதான்,
வாடைக்கு ஒரு முகம், கச்சானுக்கு ஒரு முகம்.

நூற்று நாற்பத்து நாலு வந்தது.
மூலக்குறிக்குள் ஒன்றும் மிஞ்சவில்லை.
கூட்டினாலும் பன்னிரண்டு, கழித்தாலும் பன்னிரண்டு.
போன வருசம்வரை நாங்கள் கட்டிய அதே சதுரம்.

பிறகு நூற்றைம்பதைக் கூப்பிட்டேன்.
ஐந்நூற்று எழுபத்தாறில் அறுநூறு போகாது.
கழித்தல் இருபத்து நாலு
வர்க்கமூலத்தின் கூரைக்கடியில் உட்கார்ந்து
பெற்றவர் பேர் சொல்லத் தெரியாமல் விழித்தது.
பிளஸ் டூ புத்தகத்தில் அதற்கும் விடை உண்டு,
கற்பனை எண் என்று.
அதில் கயிறு கட்ட முடியாது.

கீழ்முனை? பூச்சியம்வரை போகலாமா?
மூங்கில் ரெண்டு, இருபத்து நாலு அடிக்கு
ஒட்டிப் படுத்திருக்கும், நடுவே தண்ணீர் இல்லாமல்.
அது மிதப்பு இல்லை, விறகு.
ஆக பூச்சியத்துக்கு வளைந்த அடைப்பு:
நெருங்கலாம், தொடக் கூடாது.
மேல்முனைக்குச் சதுர அடைப்பு: தொடலாம்.
தொட்டால் சதுரம்.
இதை எழுதிவிட்டுத் தனியே சிரித்தேன்.
பல்லி பார்த்தது.

காலையில் சொன்னதும் தர்மராசு
"கொஞ்சம் சாய்ச்சுக் கட்டணும்" என்றான்.
சாய்த்தால் இன்னும் சுருங்கும் என்று
நாலு ஊதுவத்தியை வைத்துக் காட்டினேன்.
"வட்டமா வளைச்சா?" என்றாள் செபஸ்தியம்மாள்,
அவன் பக்கம் சேராமலேயே.
நல்ல கேள்வி. வட்டம் கொள்ளும்,
நூற்றைம்பதையும் தாண்டிக் கொள்ளும்.
அது வேறு சார்பு, வேறு வீச்சகம்.
மூங்கிலையும் கேட்க வேண்டும். அது ஒடியும்.

மிதப்புக்கு ஆறு. நாற்பத்தைந்துக்கு
இருநூற்று எழுபது சதுர அடி,
இந்தக் கரையில் எங்கும் இல்லாத கடல்.
பாசி அதில் வளராது. வட்டி வளரும்.

நூற்றைம்பதை அடித்து மேலே சரியானதை எழுதினேன்.
"கேட்டுச் சொல்றேன்" என்று மடித்துப் பையில் வைத்தான்.
இன்னும் சொல்லவில்லை.
ராக்காயி விரலைச் சேலையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.
ரசீதைத் திருப்பிப் போட்டு
முதல் எக்ஸை எழுதுவதற்கு முன்பே
அந்த ஆறு சதுர அடியில் நான்
ஒரு தையல் மிசின் வாங்கி
ஜன்னலோரம் போட்டிருந்தேன்.